பட்டியலில் இரண்டு பேராக நின்றவள்

"விளையாட்டுத் துறையிலும் ஆர்வமுடையவராக விளங்கினார்."

இந்த ஒரு வரியோடு அதை முடித்துவிடும்படி என்னிடம் சொல்லப்பட்டது. முப்பத்தொராம் நாளன்று உங்கள் கைகளில் தரப்போகும் இந்த நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. வீட்டில் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் வரை போனவள் நான்தான் என்பது காரணம். என் கணவர் மதிசுதன் ஒரு தாளில் குறிப்புகள் எழுதித் தந்தார். பிறந்த இடம், பெற்றோர் பெயர், படித்த பாடசாலைகள், வேலை செய்த மருந்துக் கொம்பனி, கோயில் தொண்டு, கடைசியில் அந்த வரி.

பிரஷாந்தினி அவருடைய ஒரே தங்கை. எனக்கு மச்சாள். நாற்பத்துநான்கு வயது. அதில் முப்பத்தொரு வருடம் சைக்கிளின் மேல் போனது. முதலில் பந்தயம் ஓடினாள், பிறகு பிள்ளைகளைப் பழக்கினாள். கோயிலுக்கு வருடத்தில் ஒரு நாள், தேருக்கு மட்டும் வருவாள். அதுவும் சைக்கிளில் வந்து, வாசலில் நின்ற காரொன்றுக்குப் பக்கத்தில் பூட்டிவிட்டு, தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கும்பிடுவாள். இதைத் தொண்டு என்று என்னால் எழுத முடியாது.

ஆகவே அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். கீழே இருப்பது நடந்தவை.

இன்னொன்றும் உண்டு. 2003ஆம் ஆண்டுக் கோடைப் போட்டித்தொடரின் புள்ளிப் பட்டியல் இன்றைக்கும் இணையத்தில் கிடக்கிறது. அதில் பிரஷாந்தினி இரண்டு வேறு ஆட்களாக நிற்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மச்சாள், அந்த ரெண்டு பேரையும் ஒருத்தியாக்கிப் போடும்." அதைச் செய்யக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறார்.

பிரஷாந்தினியின் தகப்பன், மாமா நடராசா 1988இல் தனியே மொன்றியலுக்கு வந்தார். சென்ட் லோரன்ட்டில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கி, நான்கு வருடம் கழித்து மாமி மீனாம்பிகையையும் இரண்டு பிள்ளைகளையும் இங்கே கூப்பிட்டு எடுத்தார். அப்போது மதிசுதனுக்குப் பதினாறு, பிரஷாந்தினிக்குப் பன்னிரண்டு.

அவளை முதலில் கண்டுபிடித்தவர் ஹென்றி. பள்ளிக்கூடத்தில் தேகப்பயிற்சி ஆசிரியர், பழைய பந்தய ஓட்டக்காரர். ஒரு மே மாதம் வகுப்பைச் சைக்கிள்களில் கால்வாய்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது தனக்கு முன்னால் ஒரு பிள்ளை போவதைக் கண்டார். எட்டிப் பிடிக்கப் பார்த்தார். முடியவில்லை. பள்ளிக்கூட வாசலில் அவள் இறங்கி நின்று, முந்தி வந்ததற்கு அடிப்பாரோ என்பதுபோல அவரைப் பார்த்தாளாம். பிரெஞ்சு விளங்காமல், நில் என்று சொன்னதை ஓடு என்று எடுத்திருக்கிறாள்.

ஹென்றி ஒரு கழகத்தின் படிவத்தைக் கொடுத்துவிட்டார். மாமாவுக்கு இரண்டு வேலைநேரம், வீட்டுக்கு வருவதே தூங்கத்தான். மாமிக்குப் பிரெஞ்சு தெரியாது. மதிசுதன் வந்து எட்டு மாதம், பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார், வீட்டில் கடிதம் வாசிக்கிற ஆள் அவர்தான். படிவத்தை அவர் நிரப்பினார். பெற்றோருக்காக அடியில் கையெழுத்தும் போட்டார்.

படிவத்தில் இரண்டு பெட்டி. ஒன்று நோம். மற்றது பிரெநோம். இங்கே நோம் என்றால் குடும்பப் பெயர், பிரெநோம் என்றால் ஆளின் சொந்தப் பெயர். எங்கள் ஆள் யோசித்தார். நோம் என்றால் நேம், பெயர். பிரெநோம் என்றால் பெயருக்கு முன்னால் வருவது. எங்களுக்குப் பெயருக்கு முன்னால் வருவது என்ன? தகப்பனின் பெயர். ந. பிரஷாந்தினி என்றுதானே பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுகிறோம். ஆகவே நோம் பெட்டிக்குள் பிரஷாந்தினி, பிரெநோம் பெட்டிக்குள் நடராசா. அழகான கையெழுத்தில், பிழையில்லாமல்.

அந்தக் காலத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் இதைச் செய்திருக்கிறோம். இதை வாசிக்கிற உங்களில் சிலருடைய அட்டைகளில் இன்னமும் தலைகீழாகத்தான் இருக்கும். இதற்காக நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை. பதினேழு வயதுப் பெடியன் தங்கைக்காக ஒரு படிவம் நிரப்பினான், அவ்வளவுதான்.

முதல் பந்தயத்தன்று தொடக்கக் கோட்டில் ஒவ்வொரு பிள்ளையையும் சொந்தப் பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். "நடராசா" என்றார்கள். பார்க்க வந்து வேலிக்கருகில் நின்ற மாமா கையை உயர்த்திவிட்டார்.

"உங்களை இல்லை அப்பா. என்னை."

"என்ர பேரைத்தானே கூப்பிடுறான்?"

"அண்ணா உங்களைத்தான் பதிஞ்சு விட்டிருக்கிறார். வாங்கோ, ஏறி உழக்குங்கோ."

மாமா அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கு அவள் மூன்றாவதாக வந்தாள். கழகத்துப் பிள்ளைகள் அவளைப் பல வருடம் நடா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் திருத்தவில்லை. அப்பாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடுவதுபோல இருக்கிறது, பாரம்தான், பழகிப்போச்சு என்பாள்.

பத்து வருடம் ஓடினாள். கோடையில் விடியற்காலை மலை வீதியில் மூன்று தரம் ஏறி இறங்கிவிட்டு வகுப்புக்குப் போவாள். பனிக்காலத்தில் வீட்டுக் கீழறையில் உருளையின் மேல் சைக்கிளை ஏற்றி வைத்து, இருந்த இடத்திலேயே மிதிகட்டையை உழக்குவாள். மேலே மாமி சமைத்துக்கொண்டு, "தண்ணி மோட்டர் போட்டமாதிரிக் கிடக்கு" என்பாவாம். இருபத்தொரு வயதில் மருந்துக் கொம்பனியில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. வேலைநேரத்தை மாற்றி மாற்றி எடுத்துப் பந்தயங்களுக்குப் போனாள்.

சம்பந்தங்கள் வந்தன. லவாலில் இருந்து வந்த ஒன்று கிட்டத்தட்டப் பொருந்தியது. மாப்பிள்ளையின் தாய் வந்திருந்து, தேத்தண்ணி குடித்து, பிள்ளையின் காலைப் பார்த்தா. கலியாணத்துக்குப் பிறகு இந்த ஓட்டம் எல்லாம் நிற்கும்தானே என்று கேட்டா.

"நிப்பாட்டலாம்," என்றாளாம் பிரஷாந்தினி. "உங்கட மகன் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டை நிப்பாட்டுவாரோ?"

"அவர் ஆம்பிளைப் பிள்ளை. சும்மா விளையாடுறவர்."

"நான் சும்மா விளையாடேல்லை, அன்ரி."

அத்தோடு அது போயிற்று. ஊர் முழுக்க அந்தப் பதிலைக் கொண்டு திரிந்தது. வாய் கூடின பெட்டை, கால் ஆம்பிளைக் கால். இதைச் சொன்னவர்களில் இரண்டு பேர் மலர்ச்சாலையில், அவளுடைய பெட்டிக்கு முன்னால், முதல் வரிசையில் இருந்து அழுதார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2002இல் சமாதானம் என்று பாதை திறந்தபோது மதிசுதன் யாழ்ப்பாணம் வந்து என்னைக் கலியாணம் செய்தார். திரும்பிப் போய் என்னை எடுப்பதற்கு விண்ணப்பம் போட்டார். நான் அங்கே காத்திருந்தேன்.

அடுத்த கோடைதான் 2003. பிரஷாந்தினிக்கு இருபத்திரண்டு வயது. தொடரில் ஆறு பந்தயம். ஆறிலும் எடுக்கும் புள்ளிகளைக் கூட்டி, முதல் மூன்று பெண்களை மாகாண அணியில் தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள். அந்த வருடம்தான் போட்டியை நடத்தும் சங்கம் பதிவுகளைக் கணினிக்கு மாற்றியது. மூன்று பந்தயங்களுக்குக் கழகம் அவளுடைய பழைய அட்டையில் பெயர் கொடுத்தது. மற்ற மூன்றுக்கு அவள் தானே கனடாக் கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்தாள். கடவுச்சீட்டில் பெயர் சரியான பெட்டிகளில் இருந்தது. கணினிக்கு நடராசா என்ற ஒருத்தி, பிரஷாந்தினி என்ற இன்னொருத்தி.

முடிவில் முதலாவதாக வந்தவளுக்குத் தொண்ணூறு புள்ளி. இரண்டாவது அறுபத்துமூன்று. மூன்றாவது ஐம்பத்திரண்டு. நாலாவது நடராசா, நாற்பத்தொன்று. ஐந்தாவது பிரஷாந்தினி, முப்பத்தெட்டு. நாற்பத்தொன்றையும் முப்பத்தெட்டையும் கூட்ட உங்களுக்குக் கணினி தேவையில்லை. எழுபத்தொன்பது. இரண்டாமிடம்.

அவள் சங்கத்தின் அலுவலகத்துக்குப் போனாள். ஹென்றியும் போனார், இது ஒரே பிள்ளைதான், பதின்மூன்று வயதிலிருந்து தெரியும் என்று சொன்னார். அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். விதி ஒன்று இருந்தது. முதல் படிவத்தில் யார் கையெழுத்துப் போட்டாரோ அவர், பெயர் பிழையாக எழுதப்பட்டது என்று ஒரு சத்தியக் கடதாசி தர வேண்டும். அணியின் பெயர்கள் போவதற்குப் பத்து நாள் இருந்தது.

ஒரு தாள். ஒரு கையெழுத்து. அவள் அன்றைக்கே கடதாசியைத் தட்டச்சுச் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அந்தக் குசினியில் என்ன கதைத்தார்கள் என்பதை மாமி எனக்குப் பல தரம் சொல்லியிருக்கிறா. மதிசுதன் கடதாசியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கவிழ்த்து வைத்தார்.

"என்ர பேரும் அப்பிடித்தான் கிடக்கு."

"எங்க?"

"வந்த புதுசில குடுத்த பேப்பர் எல்லாத்திலயும். நான் இப்ப போய், நாங்கள் பேரைப் பிழையா எழுதுற ஆக்கள் எண்டு சத்தியம் பண்ணிக் குடுத்தால், இமிகிரேசன்காரன் என்ர பைலைக் கிண்டுவான். வித்தியாவை எடுக்கிற அலுவல் நிண்டுபோகும்."

"அண்ணா, இது சைக்கிள் சங்கம். அவங்களுக்கும் இமிகிரேசனுக்கும் என்ன?"

"எல்லாம் அரசாங்கம்தான்."

"சங்கம் எப்பிடி அரசாங்கம்?"

"நீ சின்னப்பிள்ளை. உனக்கு உது விளங்காது."

அவள் தகப்பனைப் பார்த்தாள். மாமா எதைக் கேட்டாலும் மறுக்காத மனிதர். அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்: "அவன்ர பெண்சாதி வந்து சேரட்டும், பிள்ளை. அடுத்த வருசமும் சைக்கிள் ஓட்டம் இருக்கும்தானே."

பத்து நாளும் அந்தக் கடதாசி குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. பதினொராம் நாள் அவள் அதை எடுத்துத் தன் சைக்கிள் பைக்குள் வைத்தாள். அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. மாமி சொல்லுவா, சண்டை பிடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும் என்று.

ஐம்பத்திரண்டு புள்ளிக்காரி அணியில் போனாள்.

நான் 2004 தை மாதம் வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் என்னை முதலில் தொட்டவள் பிரஷாந்தினி. தன்னுடைய பனிச்சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டு, சிப்பை இழுத்துவிட்டு, "மச்சாள், மூச்சை மூக்கால விடும்" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை.

அந்த மே மாதம், தீவில் இருக்கும் பந்தயத் தடத்தில் முன்னால் போனவள் விழ, இவளும் விழுந்தாள். காறை எலும்பும் வலது முழங்கால் சில்லும் உடைந்தன. அடுத்த வருசமும் ஓட்டம் இருக்கும்தானே என்று சொன்னார்களே, அந்த அடுத்த வருசம் அதுதான். எலும்பு பொருந்தியது. முழங்கால் பழையபடி ஆகவில்லை. மூன்று வருடம் முயன்று பார்த்தாள். முப்பதாவது, நாற்பதாவது என்று வந்தாள். பிறகு அட்டையைப் புதுப்பிக்கவில்லை.

எனக்கு உண்மை தெரிந்தது 2009இல். கால்வாய்க் கரையில் எனக்குச் சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தாள். ரியூப் காற்றுப் போய், அவள் குந்தியிருந்து மாற்றும்போது, ஏன் பந்தயத்தை விட்டனீர் என்று கேட்டேன். கையில் மசகோடு, வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொல்லி? உம்மைத் திருப்பி அனுப்பவோ?"

அவள் ரயரை விளிம்புக்குள் தள்ளினாள்.

"அந்தப் பட்டியலைப் பாத்தனீரோ மச்சாள்? நான் ஐஞ்சாவது. எனக்கு முன்னால ஆர் நிக்கிறது? நான். என்னையே என்னாலை பிடிக்கேலாமல் போச்சு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே வீட்டில் கேட்டேன். இனி நான் வந்துவிட்டேனே, இப்போது கையெழுத்துப் போடலாம்தானே என்று. உம்முடைய சிற்றிசன் பேப்பர் இன்னும் வரவில்லை என்றார். அது வந்தது. என்னுடைய தாய் தகப்பனின் விசா என்றார். அதுவும் முடிந்தது. பிறகு மாமியின் ஓய்வூதியப் பேப்பர். எங்கள் வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு பைல் திறந்தே கிடந்தது. நானும் வருடத்துக்கு ஒரு தரம் கேட்டுவிட்டு விட்டுவிடுவேன். கேட்டேன் என்று சொல்லிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

பிள்ளைகளைப் பழக்கத் தொடங்கியது 2007இல். லாசாலில், ஆற்றங்கரைப் பாதையில், சனிக்கிழமைக் காலைகளில். ஆறு பெண் பிள்ளைகளோடு தொடங்கினாள். அவளுடைய முறை ஒன்று இருந்தது. முதல் நாள் எந்தப் பிள்ளையையும் சைக்கிளைத் தொட விடமாட்டாள். ஒரு படிவத்தையும் பேனையையும் கொடுத்து, ஒரு வாங்கில் இருத்தி, உன்னுடைய பெயரை நீயே எழுது என்பாள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பாள். தகப்பன்மாருக்கு அது பிடிப்பதில்லை.

"தாருங்கோ, நான் நிரப்பித் தாறன்," என்றார் ஒருநாள் கிருபானந்தன். மகள் சாருஜாவைக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது.

"வேண்டாம் அண்ணை. ஓடப்போறது அவ."

"அவக்கு எழுத்து வடிவில்லை."

"வடிவு தேவையில்லை. சரியா இருந்தால் காணும்."

சாருஜாவின் தாய் செல்வமலர் இரண்டாவது கிழமை தனியே வந்தா. கார் தரிப்பிடத்தில் பிரஷாந்தினியை ஓரமாகக் கூப்பிட்டா. நான் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"தங்கச்சி, ஒண்டு கேப்பன், குறை நினையாதையும். உந்தச் சைக்கிள் சீற்றில இருந்து இருந்து, நாளைக்குக் கலியாணம் முடிச்சால்..."

"பிள்ளை பிறக்காதோ எண்டு கேக்கிறியளோ?"

"சனம் கதைக்குது."

"அக்கா, யாழ்ப்பாணத்தில நீங்கள் ரியூசனுக்கு எதில போனனீங்கள்?"

"சைக்கிளில."

"உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?"

"நாலு."

"அப்ப உங்கட சீற்றில ஏதோ பிழை இருந்திருக்கு."

செல்வமலர் சிரித்து, கண்ணைத் துடைத்து, மகளை விட்டுவிட்டுப் போனா. அன்றைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. இடியப்பமும் சம்பலும் கொண்டுவந்து பத்து நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பா.

தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் வரவில்லை. ஹெயிட்டிப் பிள்ளைகள், அல்ஜீரியப் பிள்ளைகள், கியூபெக் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். எல்லோருக்கும் அவள் பிரெஞ்சில்தான் சொல்லிக்கொடுப்பாள். ஏற்றம் வந்தால் மட்டும் அவளுக்கு வேறு மொழி வராது. "உழக்கு, உழக்கு" என்று பின்னால் வந்துகொண்டே சொல்லுவாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு தமிழ்ச் சொல் தெரியும். ஒரு பந்தயத்தில் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அதைக் கத்த, அறிவிப்பாளர் அதுதான் கழகத்தின் பெயர் என்று நினைத்து ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் அவள் அந்தப் பெயரிலேயே பதிந்துவிட்டாள்.

2017இல் சாருஜா மாகாண அணிக்குத் தெரிவானாள். பட்டியல் வந்த அன்று பிரஷாந்தினி வேலைத்தளத்தில் இருந்து எனக்கு ஃபோன் எடுத்து, "ஒரே பேர்தான் மச்சாள், ஒரே ஆள்தான்" என்றாள். தேசியப் போட்டியில் சாருஜா பதினொராவதாக வந்தாள். எங்கள் ஆட்களின் விழா ஒன்றில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். சாருஜாவுக்கு ஒன்று. தகப்பன் கிருபானந்தனுக்கு ஒன்று. பயிற்றுநர் பின்வரிசையில் என்னோடு இருந்து வடை சாப்பிட்டாள். கிருபானந்தன் தன் சால்வையோடு இறங்கி வந்து, "இது உங்களுக்கு வரவேண்டியது" என்று நீட்டினார். "வைச்சிருங்கோ அண்ணை, விடிய நாலு மணிக்குக் கார் ஓடினது நீங்கள்தானே" என்றாள். அந்த விழாவை நடத்தியவர்களும் இந்த மலரை வாசிப்பார்கள். வாசியுங்கள்.

போன வருடம் கோடையில் பிரஷாந்தினிக்கு வயிறு ஊதிக்கொண்டே இருந்தது. பயிற்சியில் உண்டான பிடிப்பு என்று நினைத்தாள். செப்டெம்பரில் சூலகத்தில் புற்றுநோய் என்றார்கள். பரவிவிட்டது. ஐந்து மாதம்.

சைக்கிளால் வந்ததா என்று மருத்துவரிடம் நானே கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். இல்லை என்றார். சைக்கிள் ஓடிய உடம்பு என்றபடியால்தான் இந்த மருந்தை இவ்வளவு நாள் தாங்கியது என்றார்.

இதை இங்கே எழுதக் காரணம், மலர்ச்சாலையில் நான் கேட்டவை. அவளைக் கிடத்தியிருந்த பெட்டியில் இருந்து பத்தடி தள்ளி, எங்கள் உறவுக்காரர் நகுலேஸ்வரன் மாமா சொன்னார்: "உழக்கி உழக்கி உடம்பைத் தேய்ச்சுப்போட்டுது பிள்ளை. நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்." பக்கத்தில் இருந்த ஒரு அன்ரி, "அந்தச் சீற்றாலதான் உந்த வருத்தமெல்லாம்" என்றா. அவவின் பெயரை நான் எழுதவில்லை. அவவுக்குத் தெரியும்.

எனக்கு ஒருநாளும் நேரத்துக்கு வாய் வந்ததில்லை. சாருஜாதான் கதிரையைத் திருப்பிப்போட்டு இருந்தாள். பிசியோதெரபி படித்து முடித்த பிள்ளை, இருபத்தைந்து வயது.

"அன்ரி, நீங்கள் சைக்கிள் ஓடுறனீங்களோ?"

"சீச்சீ, நான் எங்க?"

"அப்ப உங்களுக்கு வராது எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறியள். கடைசியா எப்ப டொக்டரிட்டப் போய்ப் பாத்தனீங்கள்?"

"உதென்ன கேள்வி, செத்தவீட்டில."

"செத்தவீட்டிலதான் கேக்கவேணும்."

அன்ரி எழும்பி வேறு வரிசைக்குப் போய்விட்டா. நகுலேஸ்வரன் மாமா கைத்தொலைபேசியைப் பார்த்தார்.

அடுத்த கிழமைதான் அந்தத் தாள் என்னிடம் வந்தது. ஆர்வமுடையவராக விளங்கினார். நான் அதை மேசையில் வைத்துவிட்டுச் சங்கத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. விதி மாறவில்லை. முதல் படிவத்தில் கையெழுத்திட்டவர் சத்தியக் கடதாசி தந்தால் இரண்டு பதிவையும் ஒன்றாக்கித் தருவார்களாம். காலக்கெடு கிடையாதாம். அப்போதும் அணித் தெரிவுக்குத்தான் பத்து நாள், திருத்தத்துக்குக் கெடு இருந்ததே இல்லையாம். 1993ஆம் ஆண்டுப் படிவத்தின் பிரதியையும் அனுப்பியிருந்தார்கள். அடியில் மதிசுதனின் கையெழுத்து.

அச்செடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

"முப்பத்தொண்டு முடியட்டும். பேந்து பாப்பம்."

"இப்ப எந்தப் பைல் திறந்து கிடக்கு?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தினார்.

"செத்த ஆளுக்கு எதுக்கப்பா ரெண்டாமிடம்?"

"செத்த ஆளுக்கு எதுக்கு மலர்?"

"நீர் இப்ப என்ன, நான் அவளைச் சாகடிச்சுப்போட்டன் எண்டே சொல்லுறீர்?"

"இல்லை. அவளுக்கு ஒரு கையெழுத்துப் போடேல்லை எண்டு சொல்லுறன். அதைத்தான் எழுதியிருக்கிறன். வாசியுங்கோ."

இந்தப் பக்கங்களை அவரிடம் கொடுத்தேன். வாசித்தார். சத்தமில்லாமல் வாசித்தார், திரும்பவும் முதலில் இருந்து வாசித்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதற்காக ஒரு வரியையும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை சென்ட் லோரன்ட்டில், சத்தியக் கடதாசிக்குக் கையெழுத்து எடுக்கும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். இளம் பெண் ஒருத்தி இருந்தாள். உண்மை என்று உறுதி சொல்கிறீர்களா என்று பிரெஞ்சில் கேட்டாள். ஓம் என்றார் தமிழில், பிறகு திருத்திச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். அவள் முத்திரை குத்தினாள். வெளியே வந்துவிட்டோம். அடையாள அட்டையை எடுத்துக் காட்டித் திரும்பப் பைக்குள் வைத்த நேரத்தையும் சேர்த்தால் மூன்று நிமிடம் இராது.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. ஒருவரும் ஒரு பைலையும் கிண்டவில்லை. இருபத்திரண்டு வருடம், மூன்று நிமிடம். அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கடைசிவரை நின்றிருந்தால் என்னுடைய கோபத்துக்கு ஒரு இடமாவது இருந்திருக்கும்.

காரில் ஏறியதும் கேட்டார்: "கையெழுத்துத்தான் போட்டிட்டனே. அந்தப் படிவத்தின்ர கதையை மலரில இருந்து எடுத்துவிடுமன்."

"எடுக்க மாட்டன்."

காரை வீதிக்கு எடுத்தார். பிறகு, "அப்பக் கீழ குடும்பத்தினர் எண்டு போடாதையும். உம்மட பேரைப் போடும்" என்றார். போட்டிருக்கிறேன், என் தகப்பனின் பெயரோடு.

சங்கத்தில் இருந்து நேற்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் இதைக் கையில் வாங்கும்போது பட்டியல் திருத்தப்பட்டிருக்கும். இரண்டாமிடம், எழுபத்தொன்பது புள்ளி, பிரஷாந்தினி நடராசா. தேசியப் போட்டிக்கு அவள் போகவில்லை. அதை எந்தக் கடதாசியாலும் இனித் திருத்த முடியாது.

வித்தியா உருத்திரமூர்த்தி
மொன்றியல், 2025